புள்ளிக் கோடு

வரைபடத்தில் அது புள்ளி புள்ளியாகப் போகிறது.
பக்கத்தில் சாய்ந்த எழுத்தில்:
ரோமானியச் சாலை, உத்தேசமாக.
"அந்த உத்தேசத்துக்காகத்தான் வந்தேன்"
என்றாள் மெரரிட்,
காலணிக் கயிற்றில் இரண்டாம் முடிச்சுப் போட்டபடி.
போன மாதம் அவளுக்கு வேலை போயிற்று.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

வேல்ஸ் மலைகளில்
மழை பெய்கிறது என்றும் சொல்ல முடியாத
பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாத காலை.
முதல் வேலியைத் தாண்டியதும் ஆடுகள்
மெல்லுவதை நிறுத்தாமல் நிமிர்ந்தன,
கடன் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல.

ஆயிரம் இரட்டை எட்டு ஒரு மைல்.
இடது கால் விழும்போதெல்லாம் ஒன்று.
நூற்றுப் பதினேழில் முழங்கால்வரை சேறு.
முந்நூற்று நாற்பதில் மெரரிட் ஏதோ கேட்டாள்.
பிறகு எண்கள் எங்கோ இறங்கிப் போய்விட்டன.
ஈரக் கம்பளியில் நடந்த படைவீரன் எவனும்
இப்படித் தவறவிட்டிருப்பான்.
உத்தேசமாக ஓரிடத்தில் நின்று
"ஆயிரம்" என்று கத்தியிருப்பான்.
அங்கே கல் நட்டிருப்பார்கள்.

ஊசியிலைக் காட்டுக்குள் சாலை காணாமல் போயிற்று.
காகிதத்துக்காக நட்ட மரங்கள்
சாலையைவிட நேராக நின்றன.
ஒரு மணி நேரம் நாங்கள்
தப்பான நேர்கோட்டில் நடந்தோம்.

மேட்டுச் சதுப்பில் ஏறியதும்
எங்கும் கோரை, இடுப்பளவு, பழுப்பாக.
நடுவில் ஒரு வண்டி அகலத்துக்கு மட்டும்
கோரை இல்லை.
அவ்வளவுதான் சாலை.
நீர் தங்க மறுத்த இடம்.
மெரரிட் மண்டியிட்டுப் பாசிக்குள் கைவிட்டாள்,
மணிக்கட்டு, பிறகு முழங்கை.
நாடி பார்ப்பவள்போலச் சற்று நேரம் அசையவில்லை.
"இருக்கு" என்றாள்.

நாலு சக்கர பைக்கில் வந்தவர் பெயர் டெய்லோ.
முன்னால் குந்தியிருந்தது ஃபிளோஸ், ஒற்றைக் காது நாய்.
"என் வயலில் என்ன தேடுகிறீர்கள்?"
"சாலையை."
"பாதி என் ஆட்டுக் கொட்டகையில் இருக்கிறது" என்றார்.
"வாங்க, காட்டுகிறேன்."

சுமந்து கட்டியது யாரென்று தெரியாது.
கல் பக்கத்தில் கிடந்தது, சுவர் வேண்டியிருந்தது.
மிச்சச் சாலை அவர் சமையலறைக்கு அடியில் போகிறது.
பனி உருகும் நாளில்
முன்வாசல்வரை ஒரு கறுப்புக் கோடு தெரியுமாம்,
வீட்டை விழுங்கிவிட்டு
பின்வாசலில் மறுபடி தொடங்குமாம்.

அவித்த முட்டை தந்தார். மிளகு இடித்துத் தூவினார்.
கடல் பல கடந்து அந்தக் காலத்தில்
இந்த மலைக்கும் மிளகு ஏறியிருக்குமா என்றேன்.
"விலை கேட்டிருப்பார்கள்" என்றார் டெய்லோ.

பிறகு மெரரிட்டிடம்: "நீ என்ன வேலை செய்கிறாய்?"
முட்டை ஓட்டைச் சின்னச் சின்னதாக நொறுக்கினாள்.
"போன மாதம்வரை பாலங்களுக்குப் பாரம் கணக்கிட்டேன்.
இப்போது ஒன்றுமில்லை."
"நல்லது. என் கொட்டகை சாய்கிறதா, பார்த்துச் சொல்."

மழையில் தோளைச் சுவரில் கொடுத்து நின்றாள்.
ஒரு கண்ணை மூடினாள். சுற்றி வந்தாள்.
மூன்று முறை குதிகாலால் தரையைத் தட்டினாள்.
ஒரு மாதமாக நான் கேட்காத குரலில் சொன்னாள்:
"இரண்டு குளிர்காலம் தாங்கும்.
அதற்குள் மேற்கு மூலைக்கு முட்டுக் கொடுங்கள்.
அந்த அடிக்கல்லில் மட்டும் கை வைக்காதீர்கள்,
மொத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது."
டெய்லோ ஒரு பழைய ரசீதின் பின்புறம்
அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பைகளை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குத் திரும்பினோம்.
"அந்தப் பக்கம் இல்லை" என்றார்.
அடுப்பைத் தாண்டி, ஈர பூட்ஸுகளைத் தாண்டி
பின்கதவைத் திறந்து பிடித்தார்.
"சாலை இப்படித்தான் போகிறது."

ஃபிளோஸ் கடைசிக் கதவுவரை வந்து நின்றுகொண்டது.
அப்பால் மலை, மேகத்தில் பாதி.
மெரரிட் முன்னால் இறங்கினாள்.
இடது காலை ஊன்றி,
"ஒன்று" என்றாள்.