இரட்டிப்பு

டென்வர்க்காரர்கள் எங்களை வாங்கியது ஒரு வியாழக்கிழமை.
தார்த்து நகரம், ஆற்றங்கரை,
சைக்கிள் கடைக்கு மேலே ஏழு பேர், ஒரு கெட்டில்.
உறக்கத்தை அளக்கும் செயலி எங்களுடையது.

ஓட்டத்தை அளந்தவர்களை முன்பே விழுங்கியிருந்தார்கள்.
உணவுக்குக் கணக்கெழுதியவர்களை அதற்கும் முந்தைய ஆண்டு.
மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்த மூன்று பேரை,
கோப்பன்ஹேகனில் ஒரு சமையலறை மேசையோடு,
விலை வெளியிடாமல்.
வயிற்றுக்குள் போன நான்காவது மீன் நாங்கள்.
உள்ளே நல்ல வெளிச்சம். காப்பி இலவசம்.

எனக்கு இணைக்கிற வேலை.
நான்கு பட்டியலிலும் ஒரே மின்னஞ்சல் இருந்தால்
ஒன்றை வைத்து மூன்றை அழிக்க வேண்டும்.
நான்கானாலும் அதற்குப் பெயர் இரட்டிப்பு.

எண்பத்தோராயிரத்துச் சொச்சத்தில் அவள் வந்தாள்.
டுலூத், மினசோட்டா. வயது முப்பத்தெட்டு.
பிப்ரவரி ஒன்பது:
2:40 விழிப்பு. இது எங்கள் கணக்கு.
2:52 ஓட்டம். ஓட்டமில்லை, நடை.
நானூறு மீட்டர் வட்டம், பதினொரு சுற்று, மைனஸ் பதினெட்டில்.
வரைபடத்தைப் பெரிதாக்கினேன்:
மருத்துவமனையின் கார் நிறுத்துமிடம்.
3:50 வாழைப்பழம், பாதி.
அந்தப் பாதியைக்கூட எழுதியிருக்கிறாள்.
4:05 நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே.

மறுநாளும் இதேதான்.
பத்தொன்பது இரவுகள்.
இருபதாம் நாளிலிருந்து
நான்கிலும் ஒன்றுமில்லை.

நாங்கள் தனித்தனியாக இருந்தவரை
அவள் நான்கு பெண்கள்.
ஒருத்திக்கு 'விடிகாலை வீராங்கனை' பதக்கம் போயிருக்கிறது.
ஒருத்திக்குப் புரதம் போதவில்லை என்று சிவப்புக் கோடு.
ஒருத்தியிடம், 'அருமை! இன்னும் ஒரு நிமிடம்!'
எங்களுடையவளுக்கு,
'படுக்குமுன் திரையைத் தவிர்த்துப் பாருங்களேன்.'
அந்த வாக்கியம் நான் எழுதியது.
அந்த 'ளேன்' வரைக்கும்.

கட்டடத்துக்குள் யார் படுத்திருந்தார்கள் என்று அளக்கிற நிறுவனத்தை
இன்னும் யாரும் தொடங்கவில்லை.
தொடங்கினால் வாங்கிவிடுவார்கள்.

திங்களன்று அவளுக்கு ஒரு கடிதம் போக வேண்டும்:
'உங்களைக் காணோமே! இருபது சதவீதத் தள்ளுபடி.'
'அனுப்பாதே' என்பதைச் சொடுக்கினேன்.
காரணம் கேட்டது திரை.
பட்டியலில் ஒன்பது காரணங்கள் இருந்தன.
கடைசியில், 'மற்றவை'.

ஒன்றை வைத்தாக வேண்டும் என்பது விதி.
மூச்சை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை டென்வரிலிருந்து டெலேனி ஹோக்ஸ்ட்ரா
திரையில் தோன்றிச் சொன்னார்,
நான்கு கோடிப் பேர், ஒரே கூரையின் கீழ்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.
கேக்கை வெட்டிய உர்மாஸ்
தன் துண்டைக் கைப்பேசியில் பதிந்துகொண்டான்: முந்நூற்று நாற்பது.
போகும்போது பழைய கெட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
சொத்துப் பட்டியலில்
அது எங்கேயும் இல்லை.