இலவசம்

காசு கேக்கேல்லை, காட் நம்பர் கேக்கேல்லை.
இரவு டேட்டாவில், ஒரு மணிக்குப் பிறகு,
தானாய் வந்து பட்டது அந்தச் செயலி.

பண்ணைப் பாலத்தில் எடுத்த படம்.
குறுக்கே ஓடிய மின்கம்பியை
விரலால் தடவினேன். போச்சு.
அந்தப் புளுகத்தில் 'எல்லாம் துப்புரவாக்கு' அமத்த
களங்கண்டித் தடிகளும் போச்சு.
கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரிக் கடல்.

ஆல்பத்தின் இணைப்பை எல்லாருக்கும் அனுப்பினேன்.
விடிய நாலுக்குக் கிளறன்ஸ் அண்ணையின் குரல்:
"வடிவுதான் பிள்ளை.
என்ர தடியள் எங்கை?
நான் இண்டைக்கு எங்கை போறது?"

ஒவ்வொன்றாய்த் திருப்பினேன்.
முப்பத்தொரு தடி. கம்பியும் வந்தது.
கடைசித் தடியில் ஒரு நீர்க்காகம்,
எடுக்கேக்க நான் காணாதது,
செட்டை விரித்தபடி.

மூலையில் செயலியின் பேர் மட்டும்
வெள்ளையாய்க் கிடக்குது.
அதை அழிக்கத்தான் காசாம்.