தாமதத்தின் காரணம்

பிராக் நகரத்தில் மாலை ஆறே முக்கால்.
தண்டவாளத்துப் பனியை
முந்தின டிராம்கள் சாம்பலாக்கியிருந்தன.
நிறுத்தத்தில் போக்தானா.
சக்கர நாற்காலி, மடியில்
காகிதம் சுற்றிய அரை முட்டைக்கோஸ்.

பிரேக்கைப் பூட்டிவிட்டு இறங்கினேன்.
கொக்கி மாட்டி இழுத்தால்
நடுக்கதவருகே தரையிலிருந்து ஒரு பலகை
சாலைக்குச் சாயும்.
நாற்பது நொடி வேலை.
கீலில் பனி உறைந்தால் இரண்டு நிமிடம்.
அன்றைக்கு இரண்டரை.

உள்ளே கைக்கடிகாரங்கள் விழித்துக்கொண்டன.
ஒருவர் பெருமூச்சு விட்டார்,
எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.
ஒரு பெண்மணி
"நேரமாகிறது" என்றார் தன் நாயிடம்.

ஏறியதும் போக்தானா கேட்டார்:
"இதை எப்படி எழுதுவீர்கள்?"
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது என்றேன்.
காரணம் என்ற கட்டம்.
"அதில்?"
பயணி, என்றேன்.
குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கோபப்படவில்லை.
மளிகைக்கடை ரசீதைச் சரிபார்ப்பவர் போல
சொல்லிக்கொண்டே போனார்.
"அட்டவணையில் சில வண்டிகளுக்குத்தான்
என் நாற்காலியின் படம் போட்டிருக்கும்.
மற்றவை கண்ணெதிரே வந்து நிற்கும், போகும்.
கச்சிதமான நேரத்துக்குப் போகும்.
என்னை விட்டுவிட்டுப் போவதால் கச்சிதம்.
அந்த நிமிடங்களுக்கு
எந்தக் கட்டம்?"

சிக்னல் பச்சையாகி
பின்னால் ஒரு கார் ஒலித்தது.

அவர் இறங்கிய பிறகு
மடித்த பலகையின் ஓரத்தில், கதவடியில்,
கொக்கியை நட்டுவைத்து அளந்தேன்.
கைப்பிடியின் துரு வரைக்கும் வந்தது உயரம்.
இரவு பணிமனையில்
பயணி என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
படி.

காலையில் விராதிஸ்லாவ் கூப்பிட்டார்.
விதிப்படி அப்படியொரு காரணம் கிடையாதாம்.
பட்டியலை வாசித்தார்:
விபத்து, மின்தடை, பனி, பயணி.
"பனி என்றாவது போடேன், லூபோர்.
பனிதானே பெய்தது?"
பெய்தது.
ஏப்ரலில் உருகிவிடும்.
இது உருகுமா என்று கேட்டேன்.
காப்பி உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

இன்று படிவம் திரும்பி வந்துவிட்டது.
கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மை,
பக்கத்தில் பெரிய கேள்விக்குறி.
மேல்கோட்டுப் பையில் நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.
அவரிடம் காட்ட வேண்டும்.

தண்டவாளத்தில் ஒரு லாரி.
ஓட்டுநர் ரொட்டி வாங்கப் போயிருக்கிறார்.
உள்ளே யாரும் பெருமூச்சு விடவில்லை,
நாயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஆறு நிமிடம் ஆகிவிட்டது.
இதற்குக் கட்டம் இருக்கிறது.