புதன் மதியம், ரோச்சா மணல்திட்டு

பல்செட் செய்யும் கடையை ஒரு மணிக்கே பூட்டிவிட்டேன்.
கோடை முடிந்த மார்ச்சில் இந்த ஊரில்
யாருக்கும் பல் உடைவதில்லை.

வில்மாரின் பிக்கப்பில்
இரண்டு தூண்டில் கம்பு, ஒரு பக்கெட், கைவலை,
வெந்நீர் பிளாஸ்க், மாத்தே குடிக்கும் சுரைக்குடுக்கை.
பின்னால் நாய்.
எதையும் மறுத்தே பேசுவதால்
அதற்கு வக்கீல் என்று பெயர்.

வில்மார் என் அக்காளின் முன்னாள் கணவன்.
பிரிந்தபோது எல்லாவற்றையும் பங்கு போட்டார்கள்,
நாற்காலி ஆறில் மூன்று மூன்று.
என்னை யார் பங்கிலும் எழுத மறந்துவிட்டார்கள்.
அதனால்தான் வருகிறேன்.

இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல்.
நடுவில் ஒரு கல்லெறி தூரத்துக்கு மணல்.
வடக்கு பார்த்து நின்றால்
வலது காதில் இரைச்சல்,
இடது காதில் ஒன்றுமில்லை.

இரைக்கு மட்டி.
ஈர மணலில் குதிகாலை ஊன்றித் திருகினால் போதும்,
அலை வழித்துப் போன இடத்தில்
மஞ்சளாய் நாலைந்து எழும்பும்,
எழும்பிய வேகத்தில் புதையும்.
வில்மார் பொறுக்கினான்.
நான் திருகிக்கொண்டே நடந்தேன்.

இரண்டாவது அலைவரிசைக்கு அப்பால் எறிந்தான்.
ஈயக்குண்டு விழுந்த சத்தம் வந்து சேரவில்லை.
கம்பைக் குழாயில் நட்டுவிட்டு உட்கார்ந்தோம்.
நுனி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தது.
அது அலைக்கு.
மீனுக்கு ஆட்டுவது வேறு மாதிரி,
வெடுக்கென்று, இல்லவே இல்லை என்பதுபோல.

முதலில் ஒரு கெளுத்தி.
குறடால் முள்ளை உருவித் திருப்பி விட்டான்.
வக்கீல் ஆட்சேபித்தது.
பிறகு நண்டுகள்.
தூண்டில் முள் ஒவ்வொரு தடவையும்
கழுவி வைத்த கரண்டிபோல் பளபளவென்று வந்தது.

"எல்சிரா?" என்றான்.
கேள்வி அவ்வளவுதான்.
"சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறாள்" என்றேன்.
தலையாட்டினான்,
அலைக்கு ஆட்டுவதுபோல.

எனக்கு உட்கார்ந்தே இருக்க முடியாது.
சின்னக் கம்பையும் கைவலையையும் எடுத்துக்கொண்டு
காயல் பக்கம் போனேன்.
முழங்காலுக்குப் பாதி தண்ணீர், மதிய வெயிலில் வெதுவெதுப்பாய்.
தூரத்தில் கறுத்த கழுத்து அன்னங்கள்,
வங்கியில் வரிசை நிற்பவர்கள் மாதிரி
ஒன்றையொன்று பார்க்காமல்.
ஒரு அடி. இன்னொரு அடி.
மூன்றாவது அடியில்
மணல் எனக்குக் கீழே மூச்சு விட்டது.

நாக்குமீன்.
பார்க்கவில்லை, பாதத்துக்குத் தெரிந்தது.
ஒரு சோற்றுத் தட்டு அகலம்,
ஓரமெல்லாம் மெல்லிய நடுக்கம்.
அது ஓடவில்லை.
நானும் காலை எடுக்கவில்லை.
அழுத்திப் பிடித்துக் குனிந்திருக்கலாம்,
கையில் வலைகூட இருந்தது.
அதன் இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில்,
என் உள்ளங்காலைப் பார்த்தபடி
கீழே கிடக்கிறதே என்று நினைத்தேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"மில்கா! வலை!"

திரும்பினால், அவன் கம்பு வில்லாய் வளைந்திருக்கிறது.
ஓடினேன்.
காலடியில் ஒரு சேற்றுப்புகை எழும்பியிருக்க வேண்டும்,
நின்று பார்க்கவில்லை.

நான் போய்ச் சேர்வதற்குள்
நுரையோடு சேர்த்து இழுத்துப் போட்டிருந்தான்,
முழங்கை நீளக் கத்தாழை.
மணலில் கிடந்து
மூடிய கதவைத் தட்டுவதுபோல்
டொக், டொக் என்றது.
கொஞ்ச நேரம்.

"உனக்கு?"
காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினேன்.
அவனுக்குப் புரியவில்லை,
ஆனாலும் சிரித்தான்.

அங்கேயே குறுக்கே வெட்டிச்
செய்தித்தாளில் சுற்றி என் மடியில் வைத்தான்.
தலைப் பக்கம்.
எனக்கு மீன் தலை பிடிக்காது,
அது அவனுக்குத் தெரியும்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

பதினெட்டு கிலோமீட்டர்.
வக்கீல் குறட்டை விட்டது.
செருப்பைப் போடாமலே வந்தேன்,
மிதியடியில் பாதத்தை முழுசாகப் பதிக்காமல்.