ஒராள்

பாமசி முதலாளியின் மனைவி கேட்டா:
“என்ன பிள்ளை, யாரும் இருக்கினமோ?”
குளிசைப் பெட்டிகளை அடுக்கியபடி
“ஒராள் இருக்கு” என்றேன்.

யாழ்ப்பாணத்துச் சொற்களில்
எனக்கு இரவல் கிடைத்தது அது ஒன்றுதான்.
மழைக்கோட்டு மாதிரி.
ஆணுக்கும் அளவு, பெண்ணுக்கும் அளவு,
உள்ளே நிற்பது யாரென்று காட்டாது.
பதினொரு வருடம் வெயிலிலும்
அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஒராளுக்குப் பெயர் நிறோமி.
இரசாயனவியல் ரியூசன், தகரக் கொட்டில்,
முன்வாங்கில் இரட்டைப் பின்னல்.
மோல் கணக்கில் நான் பிழைவிட
தன் அழிறப்பரைக் கடித்துப் பாதி தந்தவள்.
உயர்தரம் முடியும்வரை
ஒரு பிழையையும் அதால் நான் அழிக்கவில்லை,
பல்லடையாளம் தேய்ந்துவிடும் என்று.

அவளுக்குக் குறிப்புப் பொருந்தியது சூரிச்சில்.
கூறைச்சேலையின் மடிப்புக்கு ஊசி குத்தியது நான்தான்.
என் பெருவிரலில் ஏறிய ஊசியை
ஒருவரும் காணவில்லை.
வீடியோக்காரன் மட்டும்
“தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ” என்றான்.
சிரித்தேன்.
சீடியில் இருக்கும்.

பெடியளுக்குத் தவறணை இருந்தது.
தோற்ற பரீட்சைக்கும் போன காதலிக்கும்
அங்கே ஒரு வாங்கு, ஒரு போத்தல்,
கைபோட ஒரு தோள்.
எனக்குச் சைக்கிள் இருந்தது.
பண்ணைப் பாலம்வரை மிதித்துப்போய்
உப்புக்காற்றுக்கு வாயைத் திறந்து காட்டிவிட்டு
இருட்ட முன்னம் வீடு திரும்புவேன்.

குருநகரில் கொறற்றியின் கூல்பார்.
முன்பக்கம் ஐஸ்சொக், நெல்லிக்கிறஷ், மிதிவெடி.
பெயர்ப்பலகையில் ‘கூல்’ எரியாது,
‘பார்’ மட்டும் சிவப்பாய் எரியும்.
பார்க்காமலே எத்தனை நாள் கடந்துபோயிருப்பேன்.

அவளின் தாய்க்குப் பிரஷர்க் குளிசை கொண்டுபோனது
ஒரு போயா நாளில்.
ஊரிலுள்ள மற்ற பார்களுக்கெல்லாம் பூட்டு.
பின்கதவு அரைவாசி திறந்திருந்தது.
உள்ளே பிளாஸ்ரிக் கதிரைகள் ஏழு, ஒன்று நொண்டி,
குரலடக்காத பெண் சிரிப்பு.

கச்சேரியில் கிளாக்கராய் இருக்கும் ஜெயகௌரி.
பெட்டைகளின் உதைபந்தாட்டத்துக்கு விசில் ஊதும் ஸ்ரெலா.
புத்தளத்திலிருந்து சோனகதெருவுக்குத் திரும்பிய ஹஸ்னா.
ஹஸ்னாவின் மடியில் ஸ்ரெலாவின் தலை,
எல்லார் முன்னாலும்,
ஒரு விஷயமுமே இல்லாததுபோல,
பூனை கிடப்பதுபோல.

பார்த்தபடி நின்றேன். பை கையிலேயே இருந்தது.
கொறற்றி சொன்னாள்:
“நிக்கிறதெண்டால் கதவைச் சாத்திப்போட்டு நில்லும்.
நுளம்பு வரும்.”

நொண்டிக் கதிரை எனக்கு வந்தது.
நெல்லிப் போத்தலில் நெல்லி மட்டுமில்லை என்று
இரண்டாம் மிடறில் விளங்கியது.
மிதிவெடியைப் பிய்த்தபடி
“தின்னுற சாமானுக்கு வைச்ச பேரைப் பாருங்கோவன்”
என்றாள் ஜெயகௌரி.
சிரித்தோம். ஸ்ரெலா சிரிக்கவில்லை.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை,
சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.
ஜெயகௌரி தன் பங்கில் முட்டைப் பாதியை
அவள் பீங்கானில் வைத்தாள்.

பிறகு, யார் கேட்டது என்று நினைவில்லை,
“உமக்கு யாரும் இருக்கினமோ?”

வாய் பழக்கத்தில் மழைக்கோட்டை எடுத்தது.
“ஒராள்…”

ஒருவரும் உதவிக்கு வரவில்லை.
மின்விசிறி கறகறவென்று சுற்றியது.
முன்பக்கத்தில் ஒரு சின்னப்பெடியன்
ஐஸ்பழத்துக்குக் காசைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“இருந்தவ” என்றேன்.

இருந்தவர் என்பதில் ஓரெழுத்துக் குறைவு.
அவ்வளவுதான்.
கூரை கழன்று விழவில்லை.
கொறற்றி எழும்பிப்போய்ப்
பெடியனுக்கு ஐஸ்பழம் கொடுத்துவிட்டு வந்தாள்.

“இப்ப எங்கை?” ஸ்ரெலா கேட்டாள்.
“சூரிச்.”
“சரியான குளிர்” என்றாள் ஹஸ்னா.
அதற்குமேல் அதில் சொல்ல எதுவும் இல்லாததுபோல
என் கிளாசை நிரப்பினாள்.

வீட்டுக் கேற்றில் அம்மா நின்றா.
“இவ்வளவு நேரமும் எங்கை?”
“கூல்பாரிலை.”
“தனியவோ?”
“இல்லை.”
“இரவில ஐஸ் குடிச்சால் தொண்டை கட்டும்.”

கட்டவில்லை.