பிராக் போகாத ஞாயிறு

விடுப்புக் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போட்ட அன்று
ஈப்போவில் ஏஜெண்டு கடைக்குப் பூட்டு விழுந்திருந்தது.
ஆளுக்கு ஆறாயிரம் வெள்ளி.
மிச்சம், பத்து நாள் விடுப்பும்
சியூ பெங் வாங்கி வைத்த வழிகாட்டிப் புத்தகமும்.

"புத்தகத்துக்குக் காசு கொடுத்தாச்சு, நடப்போம்" என்றாள்.
தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களோடு படித்தவள்,
ழகரம் எங்களைவிடச் சுத்தம்.

முதல் நாள், காலை: பழைய நகரச் சதுக்கம்.
எங்கள் ஊத்தான் மெலிந்தாங்கில் அது ஒரு வட்டம்.
நடுவில் நீரூற்று,
திறப்பு விழா அன்று மட்டும் பீய்ச்சியது.
சுற்றிலும் ஒரு வங்கி, இரண்டு அடகுக்கடை,
நம்பர் எடுக்கிற கடை வாசலில்
நேற்றைய கனவைக் கணக்குப் போடும் நாலு பேர்.

'மணி அடிக்கும்போது கோபுரத்தில்
பொம்மைகள் வரும், அண்ணாந்து பாருங்கள்.'
பார்த்தோம்.
ஜன்னலெல்லாம் அடைத்த மூன்றாம் மாடியில்
ஒலிபெருக்கிக் குருவி கத்திக்கொண்டே இருக்க
அதை நம்பி நிஜக் குருவிகள்
ஒவ்வொன்றாய் ஓட்டைக்குள் போயின.
யோகவல்லி மட்டும் சீக்கிரம் குனிந்துகொண்டாள்.

ஏஜெண்டைக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான்,
ஒன்றுவிட்ட மச்சானின் கூட்டாளி என்று.
நாங்கள் யாரும் சொல்லவில்லை.
சொல்லாததும் நாலாவது நாற்காலியில்
எங்களோடு உட்கார்ந்து கோப்பி ஓ குடித்தது.
பில்லை அவள் கொடுத்தாள்.
ரொட்டி சானாய்க்கும் அவளே.

அடுத்து, முப்பது சிலைகள் உள்ள பாலம்.
ஆற்றங்கரைப் படகுத்துறையில் பலகை ஆடியது.
கொக்கு இரண்டு, தூண்டில்காரர் ஒருவர்.
"சிலை மூன்று" என்று குணாளன் எண்ணினான்.
தூண்டில்காரர் தும்மினார்.
"இரண்டு."

சாய்ந்த கோபுரம் பார்க்க இத்தாலி வேண்டாம்,
தெலுக் இந்தானுக்கு பஸ் ஏறலாம் என்றேன்.
புத்தகத்தில் இல்லை என்று மறுத்துவிட்டார்கள்.

வெயில் ஏறியதும் கோட்டைக்குப் போனோம்.
செம்பனைக்கு நடுவே துரை பங்களா,
துரையும் போய், கம்பெனியும் மூன்று கை மாறி,
கேட்டில் ஒரு நேப்பாளக் காவலர்.
"நுழைவுக் கட்டணம் எவ்வளவு?" கேட்டான் குணாளன்.
"திரும்பிப் போனால் போதும்."
திரும்பினோம், லாரி கொட்டிப்போன பழங்களைத் தாண்டி,
மில் புகையின் புளித்த வாசனைக்குள்
வழி தெரிந்தும் வழி கேட்டுக்கொண்டு.

செண்டோல் கடையில்
யோகவல்லி மறுபடி பையைத் திறந்தாள்.
சியூ பெங் அந்தப் பையை வாங்கி
ஜிப்பை இழுத்து மூடி
தன் மடியில் வைத்துக்கொண்டாள்.
"உருகுது, சாப்பிடு."
அவ்வளவுதான் பேச்சு.
யோகவல்லி சாப்பிட்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சினாள்,
ஐஸ் பல்லில் கூசுது என்றாள்.

சாயங்காலம் மறுபடி வட்டத்துக்கு வந்தோம்.
ஒருவன் ஓடி வந்து கைப்பேசியை நீட்டினான்,
மில்லில் வேலை செய்கிற வங்காளதேசத்துப் பையன்,
பெயர் ரஃபிகுல், வந்து பதினோரு நாள்.
இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை,
யாரிடமோ இரவல் வாங்கிய கருப்புக் கண்ணாடி.
ஒரு படம் வேண்டுமாம்.
வங்கியின் பெயர்ப்பலகை தெரியணும்,
நீரூற்று தெரியணும்,
பின்னால் போகும் கார்களும் வரணும்.
"வீட்டில் எல்லாரும் பார்ப்பார்கள்."

யோகவல்லி கைப்பேசியை வாங்கினாள்.
இடப்பக்கம் நகரச் சொன்னாள்,
தொட்டியின் பாசி தெரியாமல்.
குணாளனைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.
ஒரு கார் வரும்வரை காத்திருந்தாள்.
பிறகு, நடுரோடு என்றும் பார்க்காமல்
தார்மேல் ஒரு முட்டியை ஊன்றி
கீழிருந்து எடுத்தாள்.
அப்போதுதான் கட்டடம் உயரமாக வருமாம்.

ரஃபிகுல் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான்.
நாங்களும் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தோம்.
நல்ல ஊராகத்தான் இருந்தது.

"இன்னொன்று" என்றான்.
கார்கள் பின்னால் ஹாரன் அடித்தன.
யோகவல்லி எழுந்திருக்கவில்லை.