அடுத்த பதினொன்று

நேற்று இரவு
கலங்கரை விளக்கத்துக் காவலன் கப்பலேறிப் போய்விட்டான்.
இனி வரமாட்டான்.
ஜப்பான்காரர்கள் பதினோரு பாகத்தில் கதையை முடித்து
குனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.
எங்கள் வார்டன் பார்க்கும் தொடரில்
போன ஆடியில் கீழே விழத் தொடங்கிய தாலி
இன்னும் தரையைத் தொடவில்லை.

அஸ்தம்பட்டி, பெண்கள் விடுதி, மூன்றாவது மாடி.
நான்கு கட்டில், ஒரு செல்போன்,
அது சாய்ந்து நிற்க இன்பரசியின் டிபன் கேரியர்.
நடுவில் தட்டுவடை செட்,
பீட்ரூட் துருவல் செய்தித்தாளில் சிவப்பாக ஊறுகிறது.
பதினோரு மணிக்கு வைஃபையை அணைத்துவிடுவார்கள்.
ஆளுக்கு ஒரு 'வேண்டாம்' உண்டு,
ஒன்றே ஒன்று.

ஃபர்ஹானா பெரியாஸ்பத்திரி நர்ஸ்.
டாக்டர் கதை என்றதுமே கையை உயர்த்தினாள்:
"பன்னெண்டு மணி நேரம் டிரிப்ஸ் பாட்டிலைப் பாத்துட்டு வந்து
இங்கயும் டிரிப்ஸா?"
அது போயிற்று.

தொலைந்த குடைகளைத் தேடும் பெண் போலீஸ் ஒருத்தி,
ஒவ்வொரு குடைக்கும் ஒரு பிணம்.
இன்பரசிக்கு அதுதான் வேண்டும்.
ராத்திரி பாத்ரூமுக்கு யார் துணைக்கு வருவது
என்று கேட்டேன். யாரும் வருவதாக இல்லை.
என் 'வேண்டாம்' அதில் செலவாயிற்று.

விவாகரத்தான அப்பா
மகளுக்குக் காலையுணவு சமைக்கிற கதை
எல்லோருக்கும் பிடித்திருந்தது,
முன்னோட்டத்தில் அந்த முட்டை சுருளும்வரை.
நாளைக் காலை எங்களுக்கு ரவை உப்புமா.
அதைப் பார்த்துவிட்டு இதைத் தின்ன முடியாது
என்றாள் இன்பரசி.

மிச்சம் இரண்டு.
நீதிமன்றத்தில் மோதிக்கொள்ளும் வக்கீல் சகோதரிகள்.
ஒரே ரயிலில் பதினோரு வாரம்
எதிரெதிரே உட்கார்ந்து பேசாமலே போகிற இரண்டு பேர்.
வக்கீல்களுக்குத்தான் கை தூக்குவதாக இருந்தோம்.
கோபம், மழை, கண்ணாடி போட்ட ஒரு நல்ல பையன்,
எல்லாமே அதில் இருந்தது.

கனகவல்லி எதுவும் சொல்லவில்லை.
அவள் 'வேண்டாம்' எப்போதும் செலவாகாமலே கிடக்கும்.
லீ பஜார் மண்டியில் கணக்கெழுதுகிறாள்,
ஆறு இலக்கத்தை ஒரே பார்வையில் கூட்டுவாள்.
ஆனால் காவலன் வேடிக்கையாக ஏதாவது சொன்னால்
நாங்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பாள்.
திரையைப் பார்த்து அல்ல,
எங்களைப் பார்த்து.

அடியில் ஓடும் ஆங்கில வரி
அவள் பாதியில் இருக்கும்போதே போய்விடுகிறது.
மூன்றாவது பாகத்திலேயே நான் கண்டுகொண்டேன்.
ஃபர்ஹானா எப்போது கண்டாளோ.

"எனக்கு அந்த ரயிலு" என்றாள், தட்டுவடையை மென்றபடி.
"வக்கீலுங்க கத்துவாங்க. தலைவலி."
கத்தலால் அவளுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை.
வார்டில் அவள் போடும் சத்தம் கலெக்டர் ஆபீஸ்வரை கேட்கும்.
இன்பரசி என்னைப் பார்த்தாள்.
நான் சட்னியைப் பார்த்தேன்.
மூன்று கைகள் எழுந்தன.
கடைசியில் நான்காவதும்.

முதல் பாகம்.
பனி விழும் ஊர், ஒற்றைப் பெட்டி ரயில்.
அவன் பேசவில்லை. அவள் பேசவில்லை.
எங்கள் ஜன்னலில், ஏற்காட்டுக் கொண்டை ஊசிகளில்
ஏதோ ஒரு பஸ்ஸின் வெளிச்சம்
ஏறி, மறைந்து, மறுபடி ஏறியது.
பரீட்சை முடிந்த பிள்ளைபோல
கனகவல்லி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பதினேழாவது நிமிடம் அவன் போன் அடித்தது.
அம்மாவாம்.
எடுத்தவன் பேசினான், பேசினான்,
ஏழு வருஷம் பேசாததையெல்லாம் பேசினான்,
மூன்று மூன்று வரியாகக் கொட்டியது ஆங்கிலம்.
ஃபர்ஹானா தலையில் அடித்துக்கொண்டாள்.

கனகவல்லியின் கை நீண்டது.
பீட்ரூட் விரலால் திரையைத் தட்டி
வாய் திறந்தபடியே அவனை நிறுத்தினாள்.
கன்னத்தில் சிவப்பாக ஒரு பொட்டு.
"இருங்கடி. நான் படிக்கணும்."

படித்தாள். உதடு அசைந்தது.
தட்டினாள், ஓடவிட்டாள், நிறுத்தினாள், படித்தாள்.
ஒரு சொல்லில் நின்று இன்பரசியைக் கேட்டாள்.
இன்பரசிக்கும் தெரியவில்லை.
எனக்கும்தான்,
இத்தனை நாள் தெரிந்ததுபோலத் தாண்டிப் போயிருக்கிறேன்.

பதினொன்றுக்கு வைஃபை போனது.
அவன் இன்னும்
அம்மாவிடம் பேசி முடிக்கவில்லை.